பொம்மைக்குப் பதில் அத்தான்

பயிற்சி அறையில் இருந்த பிளாஸ்டிக் நோயாளியின் நெஞ்சை ஒரு எலும்பு டாக்டர் உடைத்துவிட்டார். நின்றுபோன இதயத்தை அமுக்கி ஓட வைப்பது எப்படி என்று செய்து காட்டச் சொன்னார்கள். மனிதர் ஏதோ பழைய பகையைத் தீர்த்துக்கொள்வது போல அமுக்கினார். உள்ளே இருந்த ஸ்பிரிங் ‘டொய்ங்’ என்று வெளியே எட்டிப் பார்த்தது. பொம்மையைப் பழுது பார்க்க அனுப்பினார்கள். போனது போனதுதான், திரும்பி வரும் பேச்சையே காணோம்.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவள் விசில் சிஸ்டர். அந்த ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கும் புது டாக்டர்களுக்கும் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். யார் தப்பு செய்தாலும் காது கிழிகிற மாதிரி ஊதுவாள். தப்பு செய்தவர் எத்தனை பட்டம் வாங்கியவர் என்றெல்லாம் அந்த விசில் பார்க்காது.

அந்த வாரம் அவள் நடத்த வேண்டிய பாடம் செப்சிஸ். உடம்பில் எங்கோ ஒரு மூலையில் நுழைந்த கிருமியை விரட்டுகிறேன் பேர்வழி என்று உடம்பே வெறிபிடித்துத் தன் வீட்டுச் சாமான்களைப் போட்டு உடைக்கிற வியாதி அது. முதலில் மூச்சு வேகமாகும், பேச்சு தாறுமாறாகும், ரத்த அழுத்தம் இறங்கும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம், நுரையீரல், ஈரல் என்று ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டிவிடும். ஆரம்பத்தில் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருக்கும் என்பதால் கைதேர்ந்த டாக்டர்கள்கூடக் கோட்டை விட்டிருக்கிறார்கள். அதனால்தான் ஒத்திகை பார்ப்பது. ஒத்திகைக்கு ஒரு நோயாளி வேண்டும். பொம்மையோ நெஞ்சு பிளந்து எங்கேயோ கிடக்கிறது. எனவே அவள் அக்கா வீட்டுப் படியேறினாள்.

அக்காவின் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பிழைப்பு அதுதான் என்றாலும் உயிர் முழுக்க நாடகத்தில். எந்த நாடகக் குழுவும் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். ஒரே ஒரு தடவை காவலாளி வேஷம் கொடுத்தார்கள். “யார் அங்கே?” என்று ராஜா கூப்பிட்டால் வந்து வணங்கிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். அத்தான் வந்தார், வணங்கினார், போகவில்லை. தன் குடும்பக் கஷ்டத்தை ராஜாவிடம் விலாவாரியாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ராஜா திருதிருவென்று விழித்தார். கடைசியில் திரையை இறக்கித்தான் நிறுத்த முடிந்தது.

“நோயாளியா?” என்றார் அத்தான், விஷயத்தைக் கேட்டதும். முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. “எத்தனை வசனம்?”

“வசனமே கெடையாது அத்தான். மூச்சு வேகமா வாங்கணும், கேட்டா கொழப்பமா பதில் சொல்லணும், அவ்வளவுதான்.”

“சாகறேனா?”

“சாகக் கூடாது. காப்பாத்தறதுதானே பாடமே!”

அத்தான் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அங்கேயே சோபாவில் விழுந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மேலே சொருகினார். “தண்ணீ... தண்ணீ...” என்று கையை நீட்டினார். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, பெற்ற தாயிடம் மன்னிப்புக் கேட்டார். உலகத்துக்கு ஒரு செய்தியும் சொன்னார்.

“அத்தான், கொறைச்சுக்கோங்க. செப்சிஸ் வந்தவன் லெக்சர் அடிக்க மாட்டான். சும்மா கெடப்பான்.”

“சும்மா கெடக்கறதுக்கு நடிகன் எதுக்கு? ஒரு தலகாணியப் போட்டுக்கோயேன்.”

உள்ளே இருந்து அக்கா கிண்டலாக இரண்டு தடவை கைதட்டினாள். செத்துக்கொண்டிருந்த அத்தான் கைத்தட்டல் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, குனிந்து கும்பிட்டு, திரும்பப் படுத்து விட்ட இடத்திலிருந்து சாவதைத் தொடர்ந்தார். விசில் சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டாள். அத்தானுக்கு அது பழக்கம். கல்யாண மண்டபத்தில் பாட்டுக்காரருக்குக் கைதட்டினால்கூட இவர்தான் எழுந்து கும்பிடுவார்.

ஒத்திகை நாள் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அத்தானை வரவேற்கப் போன விசில் சிஸ்டருக்கு ஆச்சரியம். வழக்கமாக அவர் வந்தால் வாட்ச்மேனிடம் ஆரம்பித்து லிஃப்ட்காரர் வரை நலம் விசாரித்து, ஊர்க்கதை பேசி, அவர்களை ‘போதும், விடுங்கள்’ என்று கெஞ்ச வைத்துவிட்டுத்தான் நகருவார். இன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் எங்கேயோ பார்த்தது.

“ரெடியா அத்தான்?”

“ம்.” கொஞ்ச நேரம் கழித்து, “குளுருது” என்றார். பல் தந்தியடித்தது.

“அடடா! வாசல்லயே வேஷத்துக்குள்ள போயிட்டீங்களா? இதுதான் வேணும் அத்தான். அப்படியே மெய்ன்டெய்ன் பண்ணுங்க.”

வீட்டில் சோபாவில் பட்ட பாடெல்லாம் வீண்போகவில்லை என்று அவளுக்குப் பெருமை. அவர் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். கை ஜில்லென்று இருந்தது. ஏசி அதிகம் என்று நினைத்துக்கொண்டாள்.

பயிற்சி அறை நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பெரிய டாக்டர் வந்து உட்கார்ந்திருந்தார். இந்த மாதிரி ஒத்திகையெல்லாம் வெட்டி வேலை என்பது அவர் கட்சி. அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை. அத்தானைக் கட்டிலில் படுக்க வைத்து, போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, விசிலை ஒருமுறை ஊதினாள்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. படுத்திருக்கறவர் நல்லா கல்லு மாதிரி இருக்கற மனுஷன். அதனால மெஷின் என்ன காட்டினாலும் அதப் பாக்காதீங்க. நாடி, அழுத்தம் எல்லாம் நான் சொல்வேன். இந்த ரூம்ல நான் சொல்றதுதான் நெஜம். புரிஞ்சுதா?”

புரிந்தது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். முதலில் வந்தவர் ஒல்லி டாக்டர். படிப்பு முடித்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. விசில் சத்தம் கேட்டாலே இரண்டடி பின்னால் போய்விடுவார்.

“ஐயா, இது எந்த இடம்னு சொல்லுங்க” என்று குனிந்து கேட்டார்.

அத்தான் பாதி கண்ணைத் திறந்தார். “கிளச்ச மெதுவா விடு... ஸ்கூட்டர்காரன் வர்றான் பாரு... பாத்து, பாத்து...”

அறை குலுங்கிச் சிரித்தது. விசில் சிஸ்டருக்குக் கோபம் வந்தது. ‘தெரியல’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அடக்கமாக ஆரம்பித்த மனிதர் வழக்கம் போலச் சொந்தச் சரக்கை அவிழ்க்கத் தொடங்கிவிட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“மேடம், மூச்சு ரொம்ப வேகமா வாங்கறாரு.”

“அதத்தான் வாங்கச் சொல்லியிருக்கேன். எண்ணுங்க.”

ஒல்லி டாக்டர் எண்ணினார். எண்ணிக்கொண்டே பழக்க தோஷத்தில் அத்தான் கையில் அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிவிட்டார். மெஷின் உறுமி முடித்தது. அவர் அதைப் பார்த்தார், விசிலைப் பார்த்தார், எச்சில் விழுங்கினார்.

“மேடம்... மெஷின்ல எண்பத்தி ரெண்டு காட்டுது.”

விசில் வீறிட்டது. “நான் எவ்வளவு சொன்னேன்?”

“தொண்ணூறு மேடம்.”

“அப்ப தொண்ணூறுதான். மெஷினப் பாக்காதீங்க, என்னப் பாருங்க!”

ஒல்லி டாக்டர் பாவம், அவளையே பார்த்தார். தொண்ணூறு என்று எழுதினார். பிறகு மளமளவென்று வேலை நடந்தது. ஒரு நர்ஸ் ரத்தம் எடுப்பது போல ஊசியைக் காட்டினாள். இன்னொருத்தி சலைன் ஏற்றுவது போல டியூபைப் போர்வைமேல் ஒட்டினாள். மருந்துத் தட்டில் இருந்த குப்பிகளில் எல்லாம் வெறும் தண்ணீர்தான் என்றாலும், அதையே ஏதோ அமிர்தம் போலப் பதமாக எடுத்து வைத்தார்கள். அத்தான் இடையிடையே முனகினார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. வேர்வையைக்கூட வரவழைக்கிறாரே என்று பின்வரிசையில் யாரோ வியந்தார்கள்.

பெரிய டாக்டர் எழுந்து நின்றார். “பிரமாதம்! இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு நடிப்ப நான் பாத்ததில்ல. எங்க புடிச்சீங்க சிஸ்டர் இந்த ஆள?” என்று சொல்லிவிட்டுக் கைதட்டினார். பெரிய டாக்டரே தட்டும்போது மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அறை அதிரத் தட்டினார்கள்.

விசில் சிஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்த முகத்தோடு கட்டிலைப் பார்த்தாள். அத்தான் எழுந்து கும்பிடுவார், அதற்குள் தோளைப் பிடித்து அமுக்க வேண்டும் என்று தயாராக இரண்டு அடி எடுத்தும் வைத்தாள்.

அத்தான் எழவில்லை.

கைத்தட்டல் தொடர்ந்தது. அத்தான் இமைகூட அசையவில்லை. பக்கத்துத் தெருவில் யாருக்கோ தட்டினாலே எழுந்து கும்பிடுகிற மனிதர், ஒரு அறை முழுக்க டாக்டர்கள் தனக்காகத் தட்டியும் கிடந்தபடி கிடக்கிறார். விசில் சிஸ்டர் சிரிப்பதை நிறுத்தினாள். கிட்டே போய் அவர் விரலைப் பிடித்து நகத்தை அழுத்தினாள். அழுத்தி விட்டால் வெளுத்த நகம் உடனே சிவக்க வேண்டும். வெளுத்தது வெளுத்தபடியே நின்றது. போர்வையை விலக்கினாள். முழங்கைப் பக்கம் தோல் திட்டுத் திட்டாக நீலம் பாரித்திருந்தது. எந்த நடிகனாலும் இதை வரவழைக்க முடியாது. அத்தானால் நிச்சயமாக முடியாது.

“இது ட்ரில் இல்ல!” என்று கத்தினாள்.

கைத்தட்டல் இன்னும் பலமானது. ஒவ்வொரு ஒத்திகையிலும் அவள் அப்படித்தான் கத்துவாள், ‘இது ட்ரில் இல்ல, நெஜம்னு நெனச்சுக்கிட்டு செய்யுங்க’ என்று. பதறிப்போய் விசிலை எடுத்து ஊதினாள். ஒல்லி டாக்டர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

“நான் ஒண்ணுமே பண்ணல மேடம்!”

“ஐயோ, நெஜமாத்தான்யா சொல்றேன்!”

“சூப்பர் மேடம். நாங்களே நம்பிட்டோம்” என்றாள் டியூப் ஒட்டிய நர்ஸ்.

விசில் சிஸ்டருக்குக் கண்ணில் நீர் முட்டியது. நேராகப் பெரிய டாக்டரிடம் ஓடி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“சார், அவர் எங்க அக்கா வீட்டுக்காரர் சார். அவருக்கு நடிக்க வராது சார். சத்தியமா வராது. எங்க குடும்பத்துக்கே தெரியும்!”

அவள் அழுத அழுகையில் பெரிய டாக்டர் முகம் மாறியது. ஒரே எட்டில் கட்டிலுக்கு வந்து அத்தான் கழுத்தில் விரலை வைத்தார். “மெஷின் என்ன காட்டுது?”

“இப்ப நான் மெஷினப் பாக்கலாமா மேடம்?” என்றார் ஒல்லி டாக்டர்.

“பாருங்கய்யா!”

எண்பத்தி ரெண்டு எழுபத்தெட்டாக இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. ரத்தம் எடுப்பது போலக் காட்டிய நர்ஸ் நிஜமாகவே எடுத்தாள். கிருமி எது என்று பார்க்கக் கொஞ்சம், உறுப்புகளின் நிலையைப் பார்க்கக் கொஞ்சம் என்று தனித்தனியாகப் பிடித்தாள். பதற்றத்தில் ஒரு புது டாக்டர் தட்டிலிருந்த குப்பியை ஊசியில் ஏற்றிவிட்டார். “அது தண்ணீடா, தண்ணீ!” என்று விசில் சிஸ்டர் போட்ட சத்தத்தில் அவர் குப்பியைக் கீழே போட்டார். ஒல்லி டாக்டர் வார்டுக்கு ஓடி நிஜ மருந்தோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். போன வேகத்துக்கும் வந்த வேகத்துக்கும் அவரையே ஒரு கட்டிலில் படுக்க வைக்கலாம் போல இருந்தது.

“கிருமி எங்கேருந்து வந்துது? தேடுங்க!” என்றார் பெரிய டாக்டர்.

நெஞ்சில் இல்லை, வயிற்றில் இல்லை. விசில் சிஸ்டர் அத்தானின் பேன்ட் காலைக் கத்தரித்தாள். முழங்காலுக்குக் கீழே ஒரு பிளாஸ்திரி. அதைச் சுற்றிக் கால் செக்கச்செவேலென்று வீங்கி, கொதித்தது. யாரோ வண்டி பழகவந்த புண்ணியவான் ரிவர்ஸ் எடுத்துக் கேட்டில் இடித்தபோது, கேட்டுக்கும் காருக்கும் நடுவில் நின்று “பிரேக், பிரேக்!” என்று கத்திக்கொண்டிருந்தவர் அத்தான். அந்தக் கீறலைப் பற்றி அவர் வீட்டில் மூச்சே விடவில்லை.

அக்கா வந்து சேர்ந்தபோது அத்தானைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தாயிற்று. கூந்தலை அள்ளி முடிந்துகொண்டே ஓடிவந்தாள்.

“காலைலயே எனக்குத் தெரியும்டீ! ‘டீ ஆறிடுச்சு, சூடு பண்ணிக் கொடுங்க’ன்னாரு. எங்கிட்ட! ‘கொடுங்க’வாம்! கல்யாணம் ஆனதுலேருந்து இந்த மனுஷன் எனக்கு மரியாதை கொடுத்துப் பேசினதே இல்ல. என்னடா இதுன்னு கேட்டா, ‘தப்பா எடுத்துக்காதீங்க மேடம்’னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு. நடிப்புப் பழகறாருன்னு விட்டுட்டேனே!”

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி வாசலில் கோட்டை விட்டாள், ஒருத்தி வீட்டில் கோட்டை விட்டாள். யார் யாரைத் திட்டுவது?

இனி எல்லாம் சிறுநீரகத்தின் கையில் இருந்தது. அழுத்தம் மெல்ல ஏறியது, காய்ச்சல் அடங்கியது, ஆனால் கட்டிலுக்குக் கீழே தொங்கிய, சிறுநீர் பிடிக்கும் பை காலியாகவே கிடந்தது. அதில் ஏதாவது விழுந்தால்தான் சிறுநீரகம் கடையைத் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அக்கா பையின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பால் பொங்கக் காத்திருப்பவள் போலக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். விசில் சிஸ்டர் பின்னால் நின்று கையைப் பிசைந்தாள். செப்சிஸ் என்றால் என்ன என்று ஊருக்கே பாடம் நடத்துகிறவள், கையில் பிடித்து அழைத்துவந்த செப்சிஸை ‘மெய்ன்டெய்ன் பண்ணுங்க’ என்று பாராட்டியிருக்கிறாள். இந்த மனிதருக்கு ஏதாவது ஆனால் தன் விசிலைத் தூக்கிக் குளத்தில் போட்டுவிட வேண்டியதுதான் என்று நினைத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது.

“விழுந்துடுச்சுடீ!” என்று அக்கா போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டில் நோயாளி மயக்கம் தெளிந்து எழுந்தார்.

ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. பிறகு ஒழுங்காக. அந்தப் பை நிரம்பியதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பம் உலகத்திலேயே இருந்திருக்காது. அக்கா அதைப் போட்டோ எடுத்துத் தன் மாமியாருக்கே அனுப்பிவிட்டாள்.

நாலைந்து நாளில் அத்தான் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற அளவுக்குத் தேறினார். முகம் பாதியாகி இருந்தது. விசில் சிஸ்டர் தன் ஷிஃப்ட் முடிந்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அக்கா ஸ்பூனால் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“அந்த ஒல்லிப் பையன் வந்திருந்தான்” என்றார் அத்தான். “எனக்கு நடிக்கவே வராதுன்னு எல்லார் முன்னாடியும் நீ கத்தினியாமே?”

விசில் சிஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒல்லி டாக்டரை நாளைக்குக் கவனித்துக்கொள்வதாக மனத்துக்குள் தீர்மானித்தாள். “இல்ல அத்தான்... அது வந்து... அவங்க யாரும் நம்பல, அதனால...”

“அது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் கோபம் இல்லை.

“நல்லாத் தெரியும்” என்றார் அத்தான். “காவலாளி வேஷத்துக்கே தெரைய எறக்கினாங்க. அப்புறமும் தெரியாம இருக்க நான் என்ன பச்சக் கொழந்தையா?”

அக்கா கிளறுவதை நிறுத்தினாள். அவளுக்கே இது புதுச் செய்தி.

“அப்புறம் ஏன் அத்தான்? அவ்வளவு காய்ச்சலோட ஏன் வந்தீங்க? முடியலன்னு ஒரு போன் பண்ணியிருந்தா, அப்பவே உங்களப் பாத்திருப்போமே! செத்திருந்தா என்ன பண்றது?”

“சொன்னா நீ வேற ஆளப் போட்டிருப்பே.” அத்தான் போர்வை நுனியைத் திருகினார். “எங்க பாத்தாலும் நானாத்தான் போய் நிப்பேன். எனக்கு ஒண்ணு கொடுங்க, ஒண்ணு கொடுங்கன்னு. அவங்க பாவம் பாத்துக் கொடுத்தாத்தான் உண்டு. யாரும் வீடு தேடி வந்து என்னைக் கூப்பிட்டதில்ல. நீதான் மொதல் தடவையா வந்து கூப்பிட்டே. எத்தனையோ பேர் இருக்க, என்னைத்தான் வேணும்னு வந்தே. அத எப்படி விட முடியும்?”

விசில் சிஸ்டருக்கு நடந்தது ஞாபகம் வந்தது. அவள் முதலில் கேட்டது வாட்ச்மேனை. அவர் சாகிற மாதிரிப் படுத்தால் சகுனம் சரியில்லை என்றார். கேன்டீன்காரரைக் கேட்டாள், கடையை யார் பார்ப்பது என்றார். லிஃப்ட்காரர், எக்ஸ்ரே எடுக்கிறவர், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் என்று எல்லோரையும் கெஞ்சி, எல்லோரும் கையை விரித்த பிறகு, வேறு கதியே இல்லாமல்தான் அக்கா வீட்டுப் படியேறினாள். ஏறும்போதுகூட, ‘இந்த ஆளப் போய்க் கேக்க வேண்டியதாப் போச்சே’ என்று முணுமுணுத்துக்கொண்டுதான் ஏறினாள்.

அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா அத்தான்” என்றாள். “நோயாளி வேணும்னதும் எனக்கு மொதல்ல உங்க ஞாபகம்தான் வந்துது. வேற யாரையும் நான் கேக்கவே இல்ல.”

குரல் நடுங்கவில்லை, கண்ணும் தாழவில்லை. அக்கா மட்டும் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, கஞ்சியை ஊத ஆரம்பித்தாள். அத்தான் அதை அப்படியே நம்பிவிட்டார். முகமெல்லாம் பல்லாக, வாயைத் திறந்து கஞ்சியை வாங்கிக்கொண்டார்.